ரெண்டு தட்டு

என் கையால் தண்ணீர் கொடுத்தால் என் அம்மா குடிக்க மாட்டாள். டம்ளரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மேசையில் வைத்துவிட்டு நான் நகர்ந்தால், அதை எடுத்துப் போய் வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, குழாயில் தானே பிடித்துக் குடிப்பாள். அதுவும் எப்படி? சுவரைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க நடந்து போய். ஐ.சி.யூ.விலிருந்து செத்துப் பிழைத்து வந்தவள் அவள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "பொண்ணு பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டா, அதான் பிழைச்சு வந்துட்டீங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

அம்மாவும் நானும் பியூட்டி பார்லர் நடத்துகிறோம். முன் அறை பார்லர், பின்னால் வீடு, நடுவில் ஒரு திரை. த்ரெட்டிங்குக்கு அம்மாவின் கை பேர்போனது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் முறுக்கிப் புருவத்தின் மேல் ஓட்டினால், நாற்காலியில் இருப்பவள் 'ஆ' என்று சொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். வாயில் நூல் இருப்பதால் அம்மாவால் பேச முடியாது. மேலுதட்டில் நூல் ஓடும்போது உட்கார்ந்திருப்பவளாலும் பேச முடியாது. அதனால் எங்கள் கடையில் ஒரு பழக்கம். புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் அம்மா முதலிலேயே சொல்லிவிடுவாள்: "வலிச்சா நாற்காலிக் கையில ரெண்டு தட்டு தட்டும்மா, உடனே நிறுத்திடுவேன். அப்புறம் ஒரு தட்டு தட்டினா மறுபடி ஆரம்பிப்பேன்."

சொன்னபடியே நிறுத்தவும் செய்வாள். இன்னும் நாலு முடிதான் பாக்கி என்றாலும் நிறுத்துவாள். ஒருத்தி பாதி மீசையை எடுத்த நிலையில் இரண்டு தட்டு தட்டினாள். அதற்கப்புறம் ஒரு தட்டு வரவே இல்லை. எழுந்து அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள். "ஐயையோ, அந்தக் கோலத்துல போறாளே!" என்று நான் பின்னாலேயே ஓடப் பார்த்தேன். "விடுடி. அவ மூஞ்சி, அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். நெஞ்சில் சளி கட்டி, நிமோனியாவாகி, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். வாய் வழியாக டியூபை இறக்கி, மூச்சுவிடும் மெஷினில் போட்டார்கள். பிழைப்பாளா மாட்டாளா என்று கேட்டால் டாக்டர் ஜன்னலைப் பார்ப்பார். உள்ளே விட்ட நேரமெல்லாம் நான் அந்தக் கட்டிலை விட்டு அசையவில்லை; மற்ற நேரம் வாசலிலேயே கிடந்தேன். ஒரு வழியாகக் கண் திறந்தாள், டியூபை எடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். போன உயிர் திரும்பி வந்தது மாதிரிதான் இருந்தது எனக்கு. அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கொஞ்ச நாள்தான்.

வந்தது பாதி அம்மா. சீப்பைப் பிடித்தால் நழுவியது. சட்டைப் பட்டனைப் போட முடியவில்லை. பேசினால் காற்றுதான் வந்தது. அதெல்லாம் போகட்டும், சரியாகிவிடும் என்று சொன்னார்கள். என்னைப் பார்த்த பார்வைதான் சரியாக இல்லை. நான் அறைக்குள் போனால் போர்வைக்குள் கையை இழுத்துக்கொள்வாள்.

என் வீட்டுக்காரரை அவளுக்கு எப்போதுமே ஆகாது. அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் பிரேக்கை அழுத்துவதுதான் வேலை. வீட்டிலும் எதைச் சொன்னாலும் "யோசிப்போம்" என்பார். அம்மா அவருக்கு 'பிரேக்' என்று பெயர் வைத்திருந்தாள். "உன் பிரேக் சாப்பிட வருதா?" என்றுதான் கேட்பாள். இப்போதோ பிரேக் கொடுத்தால்தான் டீ, பிரேக் ஊட்டினால்தான் சாப்பாடு. "மாப்பிள்ளை, இது நீங்க செஞ்சதுதானே? அவ கை படலையே?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறப்பாள். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன், "நான்தான் அத்தை செஞ்சேன்" என்பார். சொல்லும்போதே காது இரண்டும் சிவந்துவிடும்.

அப்புறம் முடி கொட்ட ஆரம்பித்தது. இப்படி நோய்வாய்ப்பட்டு எழுந்தவர்களுக்குச் சில மாதம் கழித்துக் கொட்டுமாம். தலையணை முழுக்க முடி. ஊருக்கெல்லாம் அலங்காரம் செய்தவளின் தலையில் ஆங்காங்கே தோல் தெரிந்தது. "ஒட்ட வெட்டிவிடுறேன்மா, அப்போதான் சீரா வளரும்" என்று கத்தரியோடு பின்னால் போய் நின்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்ததுதான் தாமதம், "பின்னாடி வராதே! வராதேடி!" என்று அந்தக் காற்றுக் குரலில் அலறினாள். வந்திருந்த வாடிக்கைக்காரிகள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். கத்தரியை வைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பது போலக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

என்ன விஷயம் என்பது சித்தி வந்தபோதுதான் தெரிந்தது. சித்தி அம்மாவின் தங்கை. அவளிடம் மட்டும் அம்மா எல்லாம் பேசுவாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் ஒரு வாடிக்கைக்காரியின் புருவத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"அவ என்னைக் கொல்லப் பார்த்தா. ரெண்டு கையையும் பிடிச்சு அமுக்கிட்டா. நான் கெஞ்சினேன். விடலை."

"அக்கா, அது மருந்து மயக்கம். அவ அப்படிச் செய்வாளா?"

"நீ அங்க இல்லை."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நூலைத் துப்பிவிட்டுத் திரையை விலக்கினேன். "நானா? நானா உன்னைக் கொல்லப் பார்த்தேன்? சோறு தண்ணியில்லாம அந்த வாசல்லயே கிடந்தேனே, அதுக்கு இதான் பேரா? சொல்லும்மா, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு!"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒடுங்கினாள். என் கோபம் அப்படியே அடங்கிப்போனது. என் அம்மா என்னைப் பார்த்து நடுங்குகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு புருவம் எடுத்தும் ஒரு புருவம் எடுக்காமலும் எழுந்து வந்து நின்ற அந்த வாடிக்கைக்காரி, "அப்புறமா வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு நழுவினாள்.

சித்திதான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். ஐ.சி.யூ.விலிருந்து வீட்டுக்குப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அப்புறமும் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. அதிலிருந்து, அம்மாவை ஐ.சி.யூ.வில் பார்த்துக்கொண்ட நர்ஸ்களில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கட்டைக் குரல், நிதானமான ஆள். வந்ததிலிருந்து போகிற வரைக்கும் கேள்விதான். இந்த விரலை இறுக்கிப் பிடிங்க பார்ப்போம், கை ஊணாம எழுந்திருங்க பார்ப்போம், தூக்கம் வருதா, மாடிப்படி ஏறினா எங்க நிக்கறீங்க? அம்மா அவருக்கு உடனே 'கேள்வி சிஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைக்கிற அளவுக்கு அம்மா தேறிவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷம்.

கடைசியாகச் சிஸ்டர் கேட்டார்: "அங்க படுத்திருந்தப்போ என்னல்லாம் பார்த்தீங்கம்மா?"

"அவங்கதான் மயக்கத்துல இருந்தாங்களே சிஸ்டர், அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன் நான்.

"நான் அவங்களைத்தான் கேட்டேன்" என்றார் சிஸ்டர், என் பக்கம் திரும்பாமலே.

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். தன்னை ஒரு கப்பலில் படுக்க வைத்திருந்தார்கள், அது ஓயாமல் ஆடியது. மேலே கூரை முழுக்க எறும்பு, எந்த நேரமும் முகத்தில் விழப்போகிற மாதிரி. கட்டிலுக்கடியில் ஒரு நாய், நக்கி நக்கித் தண்ணீர் குடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூடி நின்று, இவள் சாகப்போவதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் நான். இத்தனையையும் இத்தனை மாதமாக ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாள். நாங்கள் ஒருவரும் அவளைக் கேட்கவே இல்லை.

வாசலில் வைத்துச் சிஸ்டர் என்னிடம் சொன்னார்: "இது நிறையப் பேருக்கு வரும். உடம்பு வீட்டுக்கு வந்திடும், மனசு அந்தக் கட்டில்லயே கிடக்கும். யாரு ரொம்பப் பக்கத்துல இருந்தாங்களோ அவங்க மேலயே சந்தேகம் வரும். ஒரு தடவை அங்க கூட்டிட்டு வாங்க. கண்ணால பார்த்தா எது நிஜம், எது மயக்கம்னு அவங்களே பிரிச்சுக்குவாங்க."

எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கப்பலோடும் நாயோடும் சேர்ந்து என் மேல் விழுந்த பழியும் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

டிரைவிங் ஸ்கூல் காரில் போனோம். அம்மா முன்னால், நான் பின்னால். கூரையில் போர்டு இருப்பதால் யாரோ புதிதாகப் பழகுகிறார்கள் என்று எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனார்கள். இவரும் அதற்கேற்றாற்போல் ஊர்ந்தார். "நடந்து வந்திருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பேன் மாப்பிள்ளை" என்றாள் அம்மா. அவள் கிண்டல் செய்து எவ்வளவு காலமாயிற்று! பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தியாகச் சிரித்தேன்.

அம்மா படுத்திருந்த மூலைக் கட்டில் காலியாக இருந்தது. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். மருந்து வாசனை பட்டதும் அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். கையைப் பிடிக்கப் போனவள், நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டேன். அவள் பிரேக்கின் சட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

சிஸ்டர் அவசரப்படவில்லை. கட்டிலின் காலடியில் இருந்த சின்னப் பம்பைப் போட்டார். மெத்தையில் ஒரு வரிசை மெல்ல உப்பியது, பக்கத்து வரிசை அடங்கியது.

"முதுகுல புண் வரக்கூடாதுன்னு போடற காத்து மெத்தைம்மா. கையை வச்சுப் பாருங்க."

அம்மா கையை வைத்தாள். அவள் கை ஏறி இறங்கியது. "அட, இதுவா என் கப்பல்?" என்றாள்.

கூரையைக் காட்டினார். வெள்ளைப் பலகை முழுக்கக் கறுப்புப் புள்ளித் துளைகள். அதுதான் எறும்பு. சளி உறிஞ்சுகிற மெஷினின் குழாயை ஒரு கிண்ணத் தண்ணீரில் வைத்தார். சளக் சளக் என்று சத்தம் வந்தது. அதுதான் நாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வேலை முடிந்து போகிற நர்ஸ்களும் வேலைக்கு வந்த நர்ஸ்களும் நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களை உற்றுப் பார்த்தாள். "நான் சாகறதைப் பத்திப் பேசலையா?" என்றாள். "லீவு யாருக்குன்னு சண்டை போட்டுக்கறாங்கம்மா" என்றார் சிஸ்டர். அம்மா சிரித்தேவிட்டாள். அந்தப் பழைய சிரிப்பு, தோள் குலுங்குகிற சிரிப்பு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்தது நான்தான் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இவ என் கையைப் பிடிச்சு அமுக்கினது?" என்றாள் அம்மா.

சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"அது நடந்ததும்மா. உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். டியூபை ஒரு தடவை நீங்களே பிடிச்சு இழுத்துட்டீங்க. அதனால ரெண்டு கையையும் துணிப் பட்டையால கட்டிலோட கட்டியிருந்தோம். உங்க பொண்ணு வந்து பார்த்துட்டு ஒரே ரகளை. 'நூல் பிடிக்கிற கை அது, அதைக் கட்டாதீங்க, நான் பிடிச்சுக்கறேன்'னு அழுதாங்க. அவங்க இருக்கற நேரம் மட்டும் கட்டை அவிழ்த்துவிட்டோம். அப்போ அவங்கதான் பிடிச்சுக்கிட்டாங்க."

நிஜம்தான். அந்தப் பட்டையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதனால் அந்தப் பட்டையின் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நர்ஸ் சளி எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அம்மாவின் உடம்பு வில்லாக வளையும்; நான் இரண்டு கையையும் அழுத்திக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். வீட்டுக்கு வந்ததற்கப்புறம் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தாள்.

"நான் தட்டினேனே" என்றாள். "உன் உள்ளங்கையில. ரெண்டு தட்டு. எத்தனை தடவை தட்டினேன்!"

சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த விரல்கள் தட்டியது என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. வலிப்பு, மருந்து, நரம்பு என்று என்ன வேண்டுமானாலும் நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிப் பொய் சொல்ல வராது.

"ஆமா, தட்டினே. தெரியும். தெரிஞ்சுதான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன். குரல் ஏறிவிட்டது. "விட்டிருந்தா நீ இழுத்துப் போட்டுட்டுப் போய்ச் சேர்ந்திருப்பே. போகட்டும்னு விடச் சொல்றியா? நாளைக்கே மறுபடி வந்து படுத்தாலும் பிடிப்பேன். நீ எத்தனை தட்டு தட்டினாலும் பிடிப்பேன், பார்த்துக்கோ!"

அடுத்த கட்டிலின் திரை விலகி ஒரு முகம் எட்டிப் பார்த்தது. என் வீட்டுக்காரர், "மெதுவா, மெதுவா" என்றார். அம்மா மட்டும் சத்தம் போடவில்லை.

"வலிச்சுதுடி" என்றாள். "போதும்னு தோணுச்சு. போதும்னுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்தா எல்லாரும் கனவுன்னாங்க. கனவாவே இருக்கட்டும்னு நானும் வேண்டிக்கிட்டுதான் இங்க வந்தேன். என் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டா, நான்தான் பைத்தியம்னு இந்தச் சிஸ்டர் சொல்லிடணும்னு."



சிஸ்டர் எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார். சொல்ல வேண்டியதை நேராகச் சொன்னார். அம்மாவின் நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது. நன்றாகத் தேறுவாள், ஆனால் இன்னொரு தடவை இந்த மாதிரிச் சளிக் காய்ச்சல் வந்தால் தாங்குவது கஷ்டம். அப்போது மறுபடி மெஷினில் போடுவதா வேண்டாமா, எது வரைக்கும் செய்வது என்று அம்மா இப்போதே யோசித்து வைக்க வேண்டும். அவளால் பேச முடியாத நேரத்தில் அவள் மனசு தெரிந்து பேச வீட்டில் ஒருத்தர் வேண்டும்.

"நான்தான். வேற யாரு?" என்றேன். "என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்யணும் சிஸ்டர்."

"மாப்பிள்ளை பேசட்டும்" என்றாள் அம்மா.

என் முகத்தில் ஈயாடவில்லை. பெற்ற மகள் குத்துக்கல்லாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவள் பிரேக்கைச் சொல்கிறாள்! அவர் பாவம், என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "யோசிப்போம் அத்தை" என்றார்.

வீட்டுக்கு வந்து அவரைத்தான் பிடித்துக்கொண்டேன். நீங்கள் என்ன மந்திரம் போட்டீர்கள், என் அம்மாவை என்னிடமிருந்து பிரித்துவிட்டீர்கள் என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்:

"நான் சொல்ல மாட்டேன்னு உனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். 'போதும், நிறுத்துங்க'ன்னு நான் சொல்லிட்டா, அதுக்கப்புறம் நீ என் மூஞ்சியில முழிப்பியா? அவங்க சாகணும்னு கேட்கலை. வலிச்சா நிறுத்தணும்னு கேட்கறாங்க. தெருவுல போற யாரோ ஒருத்திக்கு நீங்க ரெண்டு பேரும் தினமும் செய்யறதுதானே?"

அந்த மனுஷன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பதில் தெரியாததால் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். வேலையில்தான் அவர் சொன்னது தொந்தரவு செய்தது. நாற்காலியில் யாராவது இரண்டு தட்டு தட்டினால் என் கை தானாக நிற்கும். நின்றதும் அம்மாவின் விரல்கள் ஞாபகம் வரும். அன்றைக்கு மட்டும் என் கை ஏன் நிற்கவில்லை? அவள் எனக்கு வேண்டும், அதனால்தான். எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும் என்று பிடித்து வைத்திருந்தேன். பிடித்தேன், வந்துவிட்டாள். வந்தும் எனக்கு இல்லை.

ஒரு நாள் காலையில், கடை திறப்பதற்கு முன்னால், நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரையை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். யாரையும் பிடிக்காமல் மெல்ல நடந்து, நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தாள். சோளக்கொல்லைப் பொம்மை தேவலை என்று சொல்கிற மாதிரி இருந்தது அது.

"வெட்டிவிடு. ஒட்ட வெட்டிடு" என்றாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பின்னால் போகப் பயம்.

"பின்னாடி வந்தாதானேடி வெட்ட முடியும்?"

துணியை உதறி அவள் மேல் போர்த்தினேன். கை இரண்டும் துணிக்கடியில் போனதும் அவளுக்கு மூச்சு இரைத்தது. சட்டென்று துணியை எடுத்துவிட்டேன். மறுபடி கழுத்தோடு மட்டும் கட்டி, அவள் கையைத் தொடாமல், "கை வெளியில இருக்கட்டும்மா" என்றேன். அவள் இரண்டு கையையும் வெளியே எடுத்து நாற்காலிக் கைகளின் மேல் வைத்தாள். விரல் எல்லாம் எலும்பாகத் தெரிந்தது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"ரெண்டு தட்டு தட்டினா நிறுத்துவியா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

"முடி வெட்டறதுல என்னம்மா வலிக்கப்போகுது?"

"நான் முடியைக் கேட்கலை."

தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். சீப்பை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அவள் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். மாட்டேன் என்று சொன்னால் அவள் இறங்கி உள்ளே போய்விடுவாள், அப்புறம் திரைக்கு இந்தப் பக்கம் வரவே மாட்டாள். சரி என்று சொன்னால், எனக்கு இருப்பது ஒரே அம்மா.

"நிறுத்துவேன்" என்றேன்.

"அங்கேயும்?"

"அங்கேயும்தாம்மா."

"அழுது ஊரைக் கூட்ட மாட்டியே?"

"அழுவேன். அழுதுக்கிட்டே நிறுத்துவேன்."

அம்மா தலையை ஆட்டினாள். "கேள்வி சிஸ்டர்கிட்ட மாப்பிள்ளை பேரு வேணாம்னு சொல்லிடு. உன் பேரைச் சொல்லு" என்றாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெட்ட ஆரம்பித்தேன். எத்தனை தலையை வெட்டியிருக்கிறேன், இந்தத் தலை இவ்வளவு சின்னதா என்று இருந்தது. காதோரத்தில் இன்னும் அந்த டியூபைக் கட்டிய நாடாவின் தழும்பு. இடது பக்கம் முடிந்து வலது பக்கம் போகும்போது, நாற்காலிக் கையில் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.

என் கை நின்றது. கத்தரி அந்தரத்தில். ஒரு பக்கம் ஒட்ட வெட்டியும், ஒரு பக்கம் தொங்கிக்கொண்டும் அம்மா உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கடைக் கதவை யாரோ தட்டிவிட்டுப் போனார்கள். 'இன்னும் கொஞ்சம்தாம்மா, பொறுத்துக்கோ' என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன். அவள் எழுந்து அந்தக் கோலத்தில் போனாலும் போகட்டும், அவள் தலை, அவள் இஷ்டம். கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது, துடைக்கக்கூட நான் கையை அசைக்கவில்லை.

ரொம்ப நேரத்துக்கு அப்புறம் அவள் விரல் அசைந்தது. ஒரு தட்டு.

மீதியை வெட்டி முடித்தேன். கண் தெரியாமல் வெட்டியதில் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் வந்தது. அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். "உங்கிட்ட வர்றவளுங்க எல்லாம் எப்படித்தான் மறுபடி வர்றாளுங்களோ" என்றாள். நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் கை மேல் விழுந்திருந்த முடியை ஊதிவிட்டேன்.

"தாகமா இருக்கு" என்றாள்.

ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் கை நடுங்கியதால் டம்ளரை நானே அவள் வாயில் வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாதியில் அவள் விரல்கள் என் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டின. இன்னும் கொஞ்சம் குடிக்கலாமே என்று இருந்தது. டம்ளரை எடுத்துவிட்டேன்.